நைனா தெலுங்கில் சொன்ன மகசூல்

1

"வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?" என்று பல் மருத்துவரின் உதவியாளர் கேட்டார்.

நான் ஆங்கிலத்தில், கொஞ்சம் புன்னகையும் சேர்த்து, "மூன்று இருக்கலாம்" என்றேன்.

அதற்குச் சற்று முன்புதான் அம்மா ஊரிலிருந்து போன் செய்திருந்தாள். "இப்ப எப்பிடிடி கீது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், "உயிரு போவுதும்மா. ஒண்ணும் துன்ன முடியல. மண்டை வரைக்கும் இழுக்குது" என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தேன். பல் ஒன்றுதான். வாயும் ஒன்றுதான். கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்று என்று சொன்னதற்குப் பலன் உடனே கிடைத்தது. என்னை வரிசையின் கடைசியில் உட்கார வைத்துவிட்டார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். ஏன் மூன்று என்று சொன்னேன்? பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ஆங்கிலத்தில் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. விசா அலுவலகம், நகராட்சி, வங்கி என்று இந்த நெதர்லாந்தில் என்னை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டவர்கள் எல்லோருக்கும் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அந்த மொழியில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என் குறைகள் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன.

இதை நினைத்துச் சிரிக்கப்போனேன். சிரிப்பு பாதியில் நின்றது. வலியால் அல்ல. மடியில் இருந்த பையில் என் ஆய்வுக் கட்டுரை இருந்தது. பயன்பாட்டுப் பொருளியல் இதழ் ஒன்றின் தளத்தில் எல்லாக் கோப்புகளையும் ஏற்றியாகிவிட்டது. 'சமர்ப்பி' என்ற கடைசிப் பொத்தானை மறுநாள் அழுத்த வேண்டும். அந்தக் கட்டுரைக்காகச் சித்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர்களிடம் மகசூல் கேட்டிருந்தோம். ஒரு பகுதியினரை நான் தமிழில் கேட்டேன். மற்றவர்களை என் நண்பன் பாஸ்கர் தெலுங்கில் கேட்டான்.

2

நான் கோமதி. சித்தூரிலிருந்து வேலூர் போகிற வழியில், குடிபாலா மண்டலத்தில், எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, டிவியில் இரண்டும். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா முனிரத்தினம் சின்ன வயதில் அடுத்தவர் தோப்புகளில் கூலிக்குக் காய் இறக்கியவர். பிறகு எங்கள் தெரு ஆட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் கிடைத்தது. நைனாவும் அதில் மா வைத்தார். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா ரகம். அந்தப் பழத்தில்தான் நான் படித்தேன்.

திருப்பதியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும்போது பாஸ்கர் பழக்கமானான். சித்தூர் டவுன் பையன், தெலுங்கு வீடு. நான் தெலுங்கில் பதில் எழுதுவேன், அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் தமிழ் மாதிரி ஒன்றைப் பேசுவான். இன்று அவன் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். நான் இங்கே முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்த நாட்டில் ஆய்வு மாணவருக்குச் சம்பளம் உண்டு. ஒப்பந்தமும் உண்டு. ஒப்பந்தம் என்றால் முடிகிற தேதியும் உண்டு. அதை நீட்டிக்க வேண்டுமானால் ஒரு கட்டுரையாவது இதழுக்குப் போயிருக்க வேண்டும் என்று என் மேற்பார்வையாளர் மார்லீன் சொல்லியிருந்தார். பாஸ்கருக்கும் அவன் கல்லூரியில் வேலை நிரந்தரமாக அதே கட்டுரைதான் வேண்டும்.

கட்டுரையின் முடிவை ஒரே வரியில் சொல்லலாம்: ஒரே மாதிரி மண், ஒரே ரக மரம், ஆனாலும் தலைமுறைகளாக நிலம் வைத்திருப்பவர்களைவிட, சமீபத்தில் நிலம் பெற்ற குடும்பங்கள் ஏக்கருக்கு அதிகம் காய் எடுக்கின்றன.

இந்த முடிவு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது! எங்கள் ஆட்களைப் பற்றி நான் படித்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்றே இருந்தது. இவர்கள் கெட்டிக்கார விவசாயிகள் என்று ஒரு வரி எதிலும் பார்த்ததில்லை. அந்த வரியை நான் எழுதப்போகிறேன், அதுவும் அட்டவணையோடு! நைனா டீக்கடையில் சொல்லியே விட்டார்: "நாமதான் ஜாஸ்தி எடுக்குறோம்னு வெளிநாட்டு புக்குல வரப்போவுது."

வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் மிக இயல்பானது. புதிதாக நிலம் பெற்றவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள், என்னைத் தெரிந்தவர்கள். அங்கே நான் போனேன். பழைய நிலக்காரர்கள் பெரும்பாலும் தெலுங்கு. அங்கே பாஸ்கர் போனான். சீக்கிரம் முடியும், மொழிச் சிக்கல் வராது, கதவு திறப்பார்கள். நாங்கள் இதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்தோம். கட்டுரையில்கூட 'அவரவர் மொழியிலேயே நேர்காணல் செய்யப்பட்டது' என்று நெஞ்சை நிமிர்த்தி ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.

எந்தெந்த வீடுகளில் கேட்பது என்று சீட்டுப் போட்ட குலுக்கலில் எங்கள் வீடும் வந்தது. விட்டுவிடலாம் என்றேன். "சீட்டுல வந்தது வந்ததுதான்" என்றான் பாஸ்கர். சொந்த நைனாவை நான் கேட்கக் கூடாது என்பதால் அவனே போய்க் கேட்டான். கையில் டேப்லெட் இருந்தால் அவனுக்குத் தமிழ் வராது. தெலுங்கில்தான் கேட்டான்.

3

பல் பிடுங்கவில்லை, அடைத்துவிட்டார்கள். வெளியே வந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊருக்குப் போன் போட்டேன். பதில் சொன்னவர்களின் பெயர்கள் எங்கள் கோப்பில் மறைக்கப்பட்டிருக்கும். யார் என்ன சொன்னார்கள் என்று நானே தேடிப் பார்ப்பது முறையில்லை. நைனாவிடம் நைனாவைப் பற்றிக் கேட்கத் தடையில்லை அல்லவா?

"நைனா, பாஸ்கர் வந்து மாங்கா கணக்கு கேட்டான் இல்ல? ஏக்கருக்கு எத்தினி டன்னுன்னு சொன்ன?"

"பல்லு இன்னா ஆச்சு?"

"பல்லு கெடக்கட்டும். எத்தினி சொன்ன?"

"ரெண்டு... ரெண்டர சொல்லியிருப்பேன்."

"எங்கிட்ட நாலுக்கு மேலன்னு சொன்ன! வண்டியில எடம் பத்தலன்னு வீடியோ எல்லாம் காட்டுன!"

"உங்கிட்ட சொல்றது வேற பாப்பா. அவன் எப்பிடி கேட்டான் தெரியுமா? 'எகரானிகி திகுபடி எந்த?'ன்னு கேட்டான். மகசூல திகுபடின்னு எவன் கேப்பான்? ஊரு சச்சிவாலயம் ஆபீசுலேர்ந்து வர்றவன் கேப்பான். பேங்க்காரன் கேப்பான். அவன்கிட்ட போயி நாலுன்னு சொன்னா, நாளைக்கு நஷ்டப் பணம் வர்றப்ப உனக்கு எதுக்குன்னு பேர அடிச்சிடுவான்."

"அவன் பாஸ்கர் நைனா! நம்ம வூட்ல சோறு துன்னவன்!"

"துன்னான். நான் இல்லன்னா சொன்னேன்? சோறு துன்னப்பறம் கேட்டிருந்தா நாலுன்னு சொல்லியிருப்பேன். சோத்துக்கு முன்னாடியே பலகைய எடுத்து வெச்சிக்கினான்."

எனக்குச் சிரிப்பு. உதடு மரத்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாக வழிந்தது. எதிரே வந்த ஒரு டச்சுக்காரர் கவலையோடு பார்த்துக்கொண்டே போனார்.

உடனே என் மூளை வேகமாக ஓடியது. அப்படியானால் தெலுங்கில் சொன்னது குறைவு, தமிழில் சொன்னது நிஜம். தெலுங்கில் வந்த எண்களைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், கட்டுரை பிழைத்துக்கொள்ளும்! இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தமிழ்ல கேட்டா நெசம் சொல்லுவாங்களா? ஏண்டி, உங்க பெரியப்பன் உங்கிட்ட இன்னா சொல்லியிருப்பான்?"

"அது ரகசியம்மா. சொல்லக் கூடாது."

"நீ சொல்லாத, நான் சொல்றேன். அஞ்சு டன்னுன்னு சொல்லியிருப்பான். அவன் தோப்புல எலையெல்லாம் சேத்து எட போட்டாலும் அஞ்சு வராது. முனிரத்தினம் பொண்ணு கேக்குது, கம்மியா சொன்னா அவங்கப்பன் காதுக்குப் போவும், மானம் போயிடும்னு ஏத்திச் சொல்லுவானுங்க. ஒரு கணக்கு ஆபீசருக்கு, ஒரு கணக்கு சம்மந்திக்கு. நீ எந்த ஊர்ல பொறந்த?"

பின்னால் நைனாவின் சிரிப்புச் சத்தம். நான் சைக்கிளில் ஏறாமலேயே வீடு வரைக்கும் நடந்தேன்.

4

பாஸ்கரைப் பிடித்தபோது அவன் கல்லூரி முடிந்து, அலிபிரி பக்கம் பைக்கை ஓரங்கட்டி நின்றிருந்தான். பின்னால் மலைக்குப் போகும் பஸ்களின் ஹார்ன்.

"அம்மா தல்லி," என்றான். கோபம் வந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "நாளைக்கு சப்மிட் பண்ணணும். இப்ப பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்து புது தியரி சொல்றே."

"தியரி இல்லடா. எங்க நைனாவே உங்கிட்ட பாதிதான் சொல்லியிருக்காரு."



"மாமா எங்கிட்டயா? நான் அவர மாமான்னு கூப்பிடறேனே!"

கட்டுரை போனதைவிட அதுதான் அவனுக்கு வலித்தது என்று நினைக்கிறேன். பிறகு கத்த ஆரம்பித்தான். "இதி பத்ததி காது, கோமதி. இது மொறையே இல்ல. சித்தூர் வெயில்ல ஊர் ஊரா திரிஞ்சது யாரு, நானா, உன் பல்லா? எங்க பிரின்சிபால் வாரா வாரம் 'பேப்பர் போயிந்தா?'ன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது? சம்மந்தி கணக்குன்னா?"

"எனக்கு மட்டும் வேணாமாடா?"

"சரி, அடியில ஒரு லைன் போட்டுடலாம். நேர்காணல் ரெண்டு மொழியில நடந்துச்சுன்னு. பொய் இல்லையே?"

"பொய் இல்ல. ஆனா நமக்குத் தெரிஞ்சிடுச்சே."

பாஸ்கரைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம், அவனுடைய கோபம் ஹெல்மெட் மாட்டுவதற்குள் இறங்கிவிடும். "குறுக்கால விழுந்த வூடுங்க கொஞ்சம் இருக்கும் பாரு," என்றான் கடைசியில். "எனக்கு ஜொரம் வந்தப்போ நீ போன பழைய தோட்டக்காரங்க, தமிழ் பேசுவோம்னு சொன்னவங்க. அப்புறம் மேக்கால நான் போனது, புதுசா நெலம் வந்த தெலுங்கு குடும்பங்க. அத மட்டும் தனியா எடுத்துப் பாரு. உன் தியரி தப்புன்னு வரணும்னு ஏழுமலையான வேண்டிக்கினு பாரு."

எடுத்துப் பார்த்தேன். பழைய நிலக்காரர்கள் தமிழில் கேட்கப்பட்டபோது அவர்கள் மரங்கள் தாராளமாகக் காய்த்திருந்தன. புதிதாக நிலம் பெற்றவர்கள் தெலுங்கில் கேட்கப்பட்டபோது அவர்கள் மரங்கள் சோர்ந்துபோயிருந்தன. மரம் யாருடையது என்பதை வைத்து அல்ல, கேள்வி எந்த மொழியில் வந்தது என்பதை வைத்தே எங்கள் மாமரங்கள் காய்த்திருக்கின்றன. அதைக் கழித்த பிறகும் எங்கள் ஆட்கள் பக்கம் ஒரு சின்ன வித்தியாசம் மிஞ்சியது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத ஒன்று. அந்த மிச்சத்தின் மேல் ஒரு கட்டுரையை நிற்கவைக்க முடியாது.

மறுநாள் பொத்தானை அழுத்தவில்லை. எனக்கு மிகவும் பிடித்த அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டேன். ஊரில் போன் போட்டு நைனாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நாம ஜாஸ்தி எடுக்கலையா?"

"தெரியல நைனா. எடுக்கலாம். இன்னும் தெரியல."

"நாளைக்கு பாத்து, கம்மின்னு வந்தா?"

"கம்மின்னுதான் எழுதுவேன்."

"எழுது, எழுது," என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா இங்கிலீஷ்லயே எழுது பாப்பா. டீக்கடைக்கு வராது" என்றார்.

5

இந்த ஊரில் எனக்கு அக்கம்பக்கம் என்று இருப்பது தடா அக்கா. நெடுஞ்சாலையில் எல்லை தாண்டும் இடத்தில் இருக்கும் தடா என்ற ஊரில் பிறந்தவர், பெயர் விஜயா. இங்கே ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. அவருடைய மகள் மித்ரா இரண்டாம் வகுப்பு. கட்டுரையை அனுப்பாமல் நிறுத்திய அந்த வாரத்தில் ரசம் சாப்பிட அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மித்ராவும் பள்ளியிலிருந்து வந்தாள்.

"ஸ்கூல் எப்பிடிம்மா இருந்துச்சு?" என்றார் அக்கா.

"நல்லா இருந்துச்சு. சாப்ட்டேன். வெளாடினேன்" என்றாள் மித்ரா. ஒப்பித்துவிட்டு, கூட வந்த தோழியோடு மாடிப்படியில் உட்கார்ந்து டச்சில் பேச ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் பேசினாள். விளையாட்டில் யாரோ அவளைச் சேர்க்கவில்லை. மதியம் முழுக்கச் சுவர் ஓரமாக நின்றிருக்கிறாள். என் அரைகுறை டச்சுக்கே அவ்வளவு புரிந்தது. இங்கேயே பல வருஷம் வேலை பார்க்கும் அக்காவுக்குப் புரியாமல் இருக்குமா? கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"பாத்தியா கோமதி? எனக்குத் தமிழ்ல வெறும் அட்டெண்டன்ஸ் குடுக்கறா. மனசு மொத்தமும் டச்சுல வெச்சிக்கினு கீறா."

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, டச்சில், "யார் உன்னைச் சேர்க்கலை?" என்று கேட்டார். மித்ரா ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ரசம் ஆறிப்போனது, ஆனால் அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி எதுவும் இல்லை.

வீட்டு மொழி என்றால் உண்மை, வெளி மொழி என்றால் வேஷம் என்று நான் கட்டி வைத்திருந்த சுலபமான கணக்கு அந்தப் படிக்கட்டோடு சரி. ஒவ்வொரு மொழியிலும் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஏற்றபடி நாம் பதில் சொல்கிறோம். இதுதான் கட்டுரை என்று தோன்றியது! மாங்காய் அல்ல, மாங்காயைக் கேட்கும் விதம்.

மார்லீனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நாட்டு ஆட்கள் சுற்றி வளைக்க மாட்டார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது உன் பழைய கட்டுரையைவிட நல்ல கட்டுரை. ஒரே பிரச்சினை, பழையது உன்னிடம் இருந்தது. இது இன்னும் இல்லை." சொன்னதோடு நிறுத்தாமல், துறைத் தலைவரிடம் நேரில் போய், இந்தப் பெண் சமர்ப்பிக்காமல் நிறுத்தியதுதான் சரி என்று வாதாடி, என் ஒப்பந்தத்தை இந்த டிசம்பர் வரைக்கும் நீட்டி வாங்கிவந்தார். நான் நன்றி சொன்னபோது, "எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்.

6

புதிய கட்டுரையை மழையும் காற்றுமாக இருந்த ஒரு மாதத்தில் எழுதினோம். பாஸ்கர் திருப்பதியில் காலை வகுப்புக்கு முன்னால் எழுதுவான். நான் எழுந்து பார்க்கும்போது அவன் அடித்த வாக்கியங்களும் திட்டுகளும் திரையில் இருக்கும். பொருளியல் இதழுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டுகிற விஷயம் இல்லை. ஆசிரியருக்கு ஒரு கடிதம், சுருக்கம், துறைக் குறியீடுகள், யாரிடம் பணம் வாங்கினீர்கள், தரவு எங்கே இருக்கிறது, வேறு இதழுக்கு அனுப்பவில்லை என்ற உறுதிமொழி. பக்கம் பக்கமாகப் போகும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிவப்பு நட்சத்திரம் நம்மை நிறுத்தும்.

என்னை முதலில் நிறுத்தியது குடும்பப் பெயர். எனக்கு அது கிடையாது. இனிஷியலை ஏற்க மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் முனிரத்தினம் என்று நைனா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து இதழ் அலுவலகம் எழுதுகிற மின்னஞ்சல் எல்லாம் 'அன்புள்ள டாக்டர் முனிரத்தினம்' என்றுதான் தொடங்குகிறது. அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். "பேப்பர்ல எதாவது தப்பு இருந்தா என்னை புடிச்சிக்கினு போவாங்களா?" என்று நைனா கேட்டாராம். அம்மா, "உங்க டாக்டர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காரு" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள்.

அடுத்து நிறுத்தியது நன்றியுரை. மதிப்பீடு செய்பவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது. அதனால் பெயர், ஊர், நன்றி எதுவும் இல்லாத ஒரு பிரதியை ஏற்ற வேண்டும். நான் அந்தப் பக்கத்தைத்தான் மிகவும் ஆசையாக எழுதியிருந்தேன். இதழ் தளம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது: 'நன்றியுரையை நீக்கவும்.' நீக்கினேன். கட்டுரை பளிச்சென்று, யாருக்கும் எதற்கும் கடமைப்படாதது போல, வெறும் உடம்போடு போனது.

எனக்கு அது மனசே ஆகவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவர்களை இங்கே சொல்லிவிடுகிறேன். வெயிலில் நாற்காலி எடுத்துப் போட்டு, மோர் கொடுத்து, ஒரு டன் கூட்டியும் குறைத்தும் பதில் சொன்ன எல்லாத் தோப்புக்காரர்களுக்கும் நன்றி. நீங்கள் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் யாராக வந்தோமோ அதற்கு மரியாதை செய்தீர்கள், அவ்வளவுதான். திருப்பதியில் விடுதிச் சாப்பாடு பிடிக்காத என்னை ஞாயிறுதோறும் சித்தூர் வீட்டில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்ட பாஸ்கரின் அம்மாவுக்கு நன்றி. இந்தத் தேசத்துக்கு நன்றி: கூலிக்குக் காய் இறக்கியவரின் மகளை உட்காரவைத்து, நிதானமாகச் சரியாகச் செய் என்று சம்பளமும் கொடுக்கிறது. என் பெரியப்பாவுக்கும் நன்றி. அவர் என்ன சொன்னார் என்பதை நான் கடைசிவரை சொல்லமாட்டேன்.

பொத்தானை அழுத்தும்போது பாஸ்கரும் போனில் இருந்தான். "போயிந்தா?" என்றான். "போச்சு" என்றேன். அவன் கல்லூரி மணி அடித்துவிட்டது, ஓடிவிட்டான்.

7

பதில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை, திருப்புகிறோம் என்றது. முதல் வரியைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். மிச்சம்தான் எனக்குக் கிடைத்த பரிசு. இதழின் ஆசிரியர், முகம் தெரியாத ஒரு பெண்மணி, நேரம் எடுத்து அரைப் பக்கம் எழுதியிருந்தார். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் உங்கள் சான்று தற்செயலாக விழுந்தது. எந்த வீட்டில் எந்த மொழி என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை, ஊர் வழக்கம் தீர்மானித்தது. இதையே திட்டமிட்டுச் செய்யுங்கள், உண்மையான எடையோடு ஒப்பிடுங்கள், அப்போது எங்களுக்கே மறுபடி அனுப்புங்கள் என்றார். பெரிய இதழ்களில் ஒரே வரியில் கதவைச் சாத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த எனக்கு இது கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போன மாதிரி இருந்தது. பாஸ்கர் அதை அச்செடுத்துப் பிரின்சிபாலிடம் காட்டியிருக்கிறான். திருப்பி அனுப்பிய கடிதத்தை இவ்வளவு பெருமையாகக் காட்டிய ஆளை அவர் பார்த்ததில்லையாம். வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஆனால் சீசனுக்கு விடுமுறை கொடுத்திருக்கிறார்.

ஆகவே ஜூனில் ஊருக்கு வருகிறேன். இந்த முறை எந்த வீட்டுக்கு யார், எந்த மொழியில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். நானும் தெலுங்கில் கேட்பேன், பாஸ்கரும் தமிழில் கேட்பான். தோப்புக்காரர்கள் சம்மதித்தால், ஃபேக்டரி வாசலில் அவர்கள் வண்டி எடை போடும்போதும் கூடவே நிற்போம். எங்கள் ஆட்கள் அதிகம் எடுக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும். எப்படி வந்தாலும் எழுதத்தான் வேண்டும். அதிகம் என்று வந்தால் நான் குதிப்பேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஒரே தடை, கையில் டேப்லெட் இருந்தால் வராத பாஸ்கரின் தமிழ். அதற்காக ஒரு ஒத்திகை வைத்தோம். எங்கள் வீடு இந்த முறை குலுக்கலில் இல்லை என்பதால் நைனாவே சோதனைக்கு ஆளானார். வீடியோவில் மூன்று பேரும். பாஸ்கர் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தமிழில் ஆரம்பித்தான்.

"மாமா, இந்த வருசம் ஏக்கருக்கு எத்தினி டன்னு வந்துச்சு?"

"அது இருக்கட்டும். காலேஜுல உன்னை பர்மனென்ட் பண்ணிட்டாங்களா?"

"மாமா, கேள்வி நான் கேக்கறேன்."

"கேளு. அம்மாவுக்கு முட்டி வலி எப்பிடி கீது?"

"மாமா..."

"இன்னாப்பா மாமா? தெலுங்குல வந்தா நீ கேப்ப, நான் சொல்லுவேன். தமிழ்ல பேசிக்கினு வந்தா ரெண்டு பேருந்தான் கேக்கணும்."

பாஸ்கர் என்னைப் பார்த்தான், நான் பாஸ்கரைப் பார்த்தேன். எங்கள் கேள்வித்தாளில் அவர்கள் கேட்பதற்கு இடமே வைக்கவில்லை. தமிழில் மட்டுமா? தெலுங்கிலும் யாராவது அவர்களைக் கேட்கவிட்டுப் பார்த்திருக்கிறோமா?

புதிய கேள்வித்தாளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாதி வீடுகளுக்கு முதல் பக்கம் வெறுமையாகவே இருக்கப்போகிறது. இரண்டு மொழியிலும். அங்கே முதலில் அவர்கள் கேட்பார்கள், நாங்கள் சொல்வோம்: பாஸ்கருக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, எனக்கு டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, அதற்கப்புறம் என்னவென்று தெரியாது. கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் மாங்காய்க்கு வருவோம்.